மார்ச் 31 அன்று பூக்காத துவரை: ஒரு பருப்பு மில்லிலிருந்து திறந்த மடல்

பெறுநர்: இந்திய அரசின் வணிகத் துறைச் செயலாளர், நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர், வெளியுறவுச் செயலாளர், புதுதில்லியில் உள்ள மொசாம்பிக் உயர் ஆணையர்.

திருமங்கலம், மதுரை மாவட்டம்
2025 டிசம்பர், மார்கழி

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

இதை எழுதும் மேஜையில் நான்கு எவர்சில்வர் கிண்ணங்கள் இருக்கின்றன. நான்கிலும் துவரை. முதலாவது நம் நாட்டுத் துவரை. செம்பு நிறம், தடித்த மணி, கையில் அள்ளினால் கனம் தெரியும். இரண்டாவது பர்மா சரக்கு. வியாபாரத்தில் அதற்கு லெமன் என்று பெயர். மூன்றாவது தான்சானியாவின் அருஷா. நான்காவது மொசாம்பிக் வெள்ளை. சாம்பலும் வெண்மையும் கலந்த தோல், மணி சற்றுச் சிறியது. இருபது வருடத்துக்கு முன் என் அப்பாவிடம் இந்த நான்காவது கிண்ணத்தை நீட்டியிருந்தால், முகர்ந்து பார்த்துவிட்டு இது எந்தக் காட்டில் விளைந்தது என்று கேட்டிருப்பார். இன்று என் மில்லில் இருபத்தைந்து வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே ஊரைச் சொல்கிறான்.

மதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே சின்னதாக ஒரு பருப்பு மில் வைத்திருக்கிறேன். துவரையின் தோலை உரசி நீக்கும் இரண்டு எமரி ரோலர், ஒரு சல்லடை, ஒரு சிமெண்டுக் களம், பதினோரு வேலையாட்கள். பெரிய மில்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தில்லிக்குப் போய்ப் பேச ஆளும் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கீழமாசி வீதியில் சாம்பிள் பார்த்துவிட்டு, விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அன்றன்றைக்குப் பிழைக்கிறவர்கள். அதனால்தான் மடலைத் திறந்தே எழுதுகிறேன். மொசாம்பிக் துவரை ஒப்பந்தமும், இறக்குமதி அறிவிப்பு வருகிற நேரமும்தான் விஷயம்.

மூன்று செயலாளர்களுக்கும் சேர்த்து எழுதக் காரணம், ஒரு துவரை மணிக்கு மூன்று வீட்டிலும் உறவு இருக்கிறது. ஒப்பந்தம் போடும் நாட்டோடு உறவை வெளியுறவு பார்க்கிறது. எவ்வளவு வரலாம், எதுவரை வரலாம் என்ற அறிவிப்பு வணிகத் துறையிலிருந்து வருகிறது. விலை ஏறினால் கிட்டங்கியில் எத்தனை மூட்டை வைக்கலாம் என்று நுகர்வோர் விவகாரத் துறை சொல்கிறது. வரியைப் போடுவதும் எடுப்பதும் நான்காவதாக நிதித் துறை. நான்கு பேர் பிடித்த தேர் என்றால் வடம் ஒரே பக்கம் இழுபட வேண்டும் அல்லவா? சித்திரைத் திருவிழா நடத்தும் ஊர்க்காரன் கேட்கிறேன்.

கதை 2015-இல் தொடங்குகிறது. இரண்டு வருடம் மழை பொய்த்து, அந்த ஆண்டு துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மதுரையில் இட்லிக்குச் சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து ஊற்றுகிற கடைகளில்கூட, இரண்டாவது முறை கேட்டால் பரிமாறுகிறவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்த காலம் அது. பருப்பு விலை ஏறினால் அரசாங்கங்கள் நடுங்கும்; நடுங்குவதில் தவறில்லை. 2016 ஜூலை 7 அன்று பிரதமர் மொசாம்பிக் தலைநகர் மாபூட்டோ போயிருந்தபோது, மொசாம்பிக்கிலிருந்து நீண்ட காலத்துக்குத் துவரை வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது. முதல் ஆண்டு ஒரு லட்சம் டன். படிப்படியாக ஏறி 2020-21-இல் இரண்டு லட்சம் டன். பிறகு 2021-இல் அதையே ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று 2025-26 வரை நீட்டித்தார்கள். சரக்கு இறங்க அனுமதித்த ஐந்து துறைமுகங்களில் எங்கள் தூத்துக்குடியும் ஒன்று. மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹசீரா மற்றவை.

கையெழுத்திட்ட நேரத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மொசாம்பிக்கில் நம்புலா, ஸாம்பேஸியா மாகாணங்களின் சிறு விவசாயிகள் மக்காச்சோளத்துக்கு ஊடாகத் துவரை போடுகிறார்கள். அவர்கள் அதைத் தின்பதைவிட விற்பதே அதிகம்; விற்பது பெரும்பாலும் நமக்குத்தான். போர்த்துக்கீசியத்தில் அதற்கு 'ஃபெய்ஜாவ் போயர்' என்று பெயராம். நம் துணைக்கண்டத்தில் பிறந்து கடல் கடந்து போன செடி, அங்கே வேறு பெயர் சூட்டிக்கொண்டு, மணியாகத் திரும்பி வருகிறது. கல்யாணமாகிப் போன பெண் பேரப்பிள்ளைகளோடு வருகிற மாதிரி.

ஆனால் அதே 2016-இல் நம் நாட்டில் நல்ல மழை. முந்தைய வருடம் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த துவரை விளைச்சல், 2016-17-இல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. குறைந்தபட்ச ஆதரவு விலை ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். மண்டிகளில் அதற்கும் கீழே விற்றது. 2017 ஆகஸ்டில் அரசு கதவைச் சாத்தியது: வருடத்துக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் துவரை வரக் கூடாது. ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு விலக்கு உண்டு என்றார்கள். காகிதத்தில் வாக்குத் தவறவில்லை. ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். ஆகஸ்ட் என்பது அங்கே அறுவடைக் காலம். இந்தியா வாங்கும் என்று நம்பி ஒப்பந்த அளவையும் தாண்டி விதைத்திருந்தார்கள். கதிரடிக்கிற களத்திலேயே விலை பல மடங்கு சரிந்தது. வாங்க ஆளில்லாமல் சாக்கில் கிடந்த துவரையைப் பற்றி அந்த நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த பருவத்தில் எள்ளுக்கு மாறியவர்கள் உண்டு.

இங்கே என் குடும்பத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இறக்குமதிக்குப் பரிந்து பேசுகிற வியாபாரி என்று ஒதுக்கிவிடுவீர்கள். என் அக்காளைக் கட்டிக்கொடுத்தது டி.கல்லுப்பட்டிப் பக்கம். கரிசல் பூமி, மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம் நடுவே நாலு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுவார்கள். 2017 மாசியில் மச்சான் ஏழு மூட்டை துவரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் மில்லுக்கே வந்தார். மார்க்கெட் விலை சொன்னேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உனக்குக் கப்பல்ல வருது, எங்களுக்கு மழையில வருது, அம்புட்டுதான் வித்தியாசம்" என்றார். அக்காள் கொடுத்தனுப்பிய முருங்கைக் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அன்று நான் கொடுத்த விலை நியாயமான சந்தை விலைதான். ஆனாலும் அடுத்த பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன போது அவர் வீட்டில் சாம்பார் என் தொண்டையில் இறங்கவில்லை.

ஆக, நம்புலாவில் ஒருவர், கல்லுப்பட்டியில் ஒருவர். இருவரும் வானம் பார்த்த பூமிக்காரர்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிற மாதிரிதான் தில்லியில் பேச்சு நடக்கிறது: இறக்குமதியைத் திறந்தால் நம் விவசாயி சாவான், மூடினால் நுகர்வோர் சாவார். என் மேஜையிலிருந்து பார்த்தால் இருவரையும் கெடுத்தது ஒன்றே. அறிவிப்பு வருகிற நேரம்.

இதுதான் இந்த மடலின் உயிர்; ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் துவரை இறக்குமதியை மீண்டும் தாராளமாக்கினீர்கள். முதலில் அந்த அக்டோபர் வரை என்றீர்கள். பிறகு நீட்டித்து நீட்டித்து, பெரும்பாலும் ஒரு மார்ச் 31-இல் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். இப்போது நடப்பில் இருப்பது 2025 ஜனவரியில் நீட்டித்தது. 2026 மார்ச் 31-இல் முடிகிறது. மொசாம்பிக் ஒப்பந்தமும் அதே நிதியாண்டோடு முடிகிறது. மார்ச் 31 கணக்குப்பிள்ளைகளின் தேதி. துவரைச் செடிக்கு அந்தத் தேதி தெரியாது. மொசாம்பிக்கில் நவம்பர், டிசம்பர் மழையில் விதைக்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுக்கிறார்கள். ஆகஸ்டிலிருந்து நமக்குக் கப்பல் வருகிறது. மார்ச் 31 அன்று செடி இடுப்பளவு வளர்ந்து, பூக்கக்கூட இல்லாமல் நிற்கும். அதாவது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரத்தில் அங்கே ஒருவர் மழை ஈரத்தில் விதையை ஊன்றிக்கொண்டிருக்கிறார். அந்த விதை காய்த்து முற்றும் காலத்தில் இந்தியாவின் கதவு திறந்திருக்குமா என்பதை அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை.

நமக்கும் அதே கதிதான். இங்கே ஆடியிலும் புரட்டாசியிலும் விதைக்கிறோம்; வட மாநிலத்துச் சரக்கு டிசம்பரில் வரத் தொடங்கும், எங்கள் கரிசல் துவரை மாசியில் வரும். அவர்கள் சரக்கு ஆகஸ்டிலிருந்து, நம்முடையது மார்கழியிலிருந்து. கடவுளே அட்டவணை போட்டுக் கொடுத்தது போல இரண்டும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன. நம் பழைய சரக்கு தீர்ந்து விலை ஏறுகிற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவர்களுடைய புதுச் சரக்கு வருகிறது. இந்த அழகான ஏற்பாட்டைத் தேதி தவறிய அறிவிப்புகளால் குலைப்பதற்கு மனிதர்களால்தான் முடியும்.

2023 கடைசியில் இன்னொரு பாடம். அந்த வருடம் நம் விளைச்சல் குறைவு. மார்ச்சிலேயே முழுத் துவரைக்கு இருந்த 10 சதவீத வரியை எடுத்துவிட்டீர்கள். ஜூனில் இருப்புக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. எல்லோரும் மொசாம்பிக்கை எதிர்பார்த்துக் கொண்டிருந்தோம். அங்கே ஏற்றுமதியாளர்களுக்கு இடையே வழக்கு, கிட்டங்கியில் சரக்கு முடக்கம், நக்காலா துறைமுகத்தில் துவரை கப்பலேறாமல் கிடந்தது. தில்லி தூதரக வழியில் அழுத்தம் கொடுக்க வேண்டி வந்தது. நான் அப்போது ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்காரருக்கு முகூர்த்த மாதம் முழுக்கப் பருப்புத் தருவதாக விலை பேசி முடித்திருந்தேன். கப்பல் வரவில்லை. லெமன் துவரையைக் கூடுதல் விலைக்கு வாங்கி உடைத்துக் கொடுத்தேன். நஷ்டத்தை விடுங்கள், வியாபாரத்தில் அது சகஜம். எங்கோ ஒரு நீதிமன்றத்து வழக்கு, வாழை இலையில் விழும் பருப்பு நெய்யின் விலையைத் தீர்மானிக்கிறது என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். அரசுக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் என்று பெயர். உள்ளே வாங்குவதும் விற்பதும் தனியார். தகராறு வந்தால் யார் யாரிடம் பேசுவது என்பது முன்பே தெளிவாகியிருந்தால் அந்த ஐப்பசி அப்படி நீண்டிருக்காது.

இனிக் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

மொசாம்பிக் ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். ஆனால் ஆண்டுக் கணக்கை ஏப்ரலில் தொடங்காமல் அக்டோபரில் தொடங்குங்கள். ஒவ்வொரு அக்டோபரிலும், அங்கே மழை விழும் முன், அடுத்த ஆகஸ்டுக்கான விதியை அறிவித்துவிடுங்கள். அறிவித்த பிறகு அந்தப் பருவம் முடியும் வரை தொடாதீர்கள். விலை சரிந்தால் என்ன செய்வது என்பீர்கள். அதற்கும் முன்பே விதி எழுதி வைக்கலாம்: மண்டி விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் இத்தனை சதவீத வரி, மேலே போனால் வரி இல்லை என்று ஒரு படிக்கட்டு. இந்தப் பருவத்துக்குத் துவரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். அதைப் படிக்கட்டின் அடிக்கல்லாக வைத்துக்கொண்டால் மச்சானுக்கும் பாதுகாப்பு, நம்புலாக்காரருக்கும் முன்கூட்டியே கணக்கு. இந்த நவம்பர் 1 முதல் மஞ்சள் பட்டாணிக்கு 30 சதவீத வரி போட்டீர்கள். சரியான முடிவுதான், மலிவுப் பட்டாணி துவரையின் விலையையும் இழுத்துக் கொண்டிருந்தது. ஆனால் அதைக்கூடச் சில நாள் முன்புதான் அறிய வேண்டியிருந்தது.

பருப்புத் தன்னிறைவு இயக்கம் பற்றிப் படித்தேன். இந்த அக்டோபரில் அமைச்சரவை 11,440 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்திருக்கிறது. 2030-31-க்குள் பருப்பு விளைச்சல் 350 லட்சம் டன். துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றையும் நான்கு ஆண்டுகள் முழுமையாகக் கொள்முதல் செய்வதாகத் திட்டம். நல்லது. நடந்தால் முதலில் மகிழ்பவன் நான். நாட்டுத் துவரை உடைக்கும்போது ரோலரின் சத்தமே வேறு. ஆனால் அதுவரை நாம் கேட்டதற்காக விதைத்தவர்களுக்கு அதை எப்படிச் சொல்லப் போகிறோம்? பத்து வருடம் பால் ஊற்றிய பால்காரரிடம்கூட, அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்றால் இந்த மாதமே சொல்லிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். எந்த வருடம் எவ்வளவு குறையும் என்று ஒரு இறங்குமுக அட்டவணையை இப்போதே கொடுத்துவிட்டால் அவர்கள் எள்ளோ சோயாவோ போட்டுப் பிழைத்துக்கொள்வார்கள்.

மேதகு உயர் ஆணையர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாடு விடுதலை பெற்று 2025 ஜூன் 25-உடன் ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. நம் இரு நாட்டு உறவுக்கும் அதே வயது. 2019 மார்ச்சில் இடாய் புயல் உங்கள் பெய்ரா துறைமுக நகரை அடித்தபோது எங்கள் கடற்படைக் கப்பல்கள் முதலில் வந்து நின்றன என்பதை எங்கள் பத்திரிகைகள் பெருமையோடு எழுதின. அந்தப் பெருமையைத் துவரை விஷயத்திலும் காப்பாற்ற வேண்டும் என்பதே என் ஆசை.

உங்களிடம் ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துவரையை உடைத்துப் பருப்பாகவே அனுப்ப வேண்டும், வேலை உங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் விருப்பம் இருக்கலாம். முந்திரியில் நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். 1990-களில் உலக வங்கியின் நிர்பந்தத்தில் பச்சை முந்திரிக்கொட்டை ஏற்றுமதியைத் திறந்துவிட்டீர்கள். கொட்டை இந்தியாவுக்கு வந்தது, உங்கள் தொழிற்சாலைகள் மூடின, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். துவரையிலும் தோலோடு வந்தால்தான் என் ரோலருக்கு வேலை. நூறு கிலோ துவரைக்கு எழுபதிலிருந்து எழுபத்தைந்து கிலோ பருப்பு. மிச்சம் குருணையும், தோலான பொட்டும். அந்தத் துவரம்பொட்டில்தான் எங்கள் ஊர்ப் பசுக்கள் பால் கறக்கின்றன. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன். கொஞ்சம் நீங்கள் உடையுங்கள், மிச்சத்தை நாங்கள் உடைக்கிறோம் என்று பங்கு பேசலாம், பேச்சுக்குத் தயார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வணிகக் குழுக்கள் வரும்போது மும்பை ஓட்டலோடு திரும்பிவிடாமல் மதுரைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். விமான நிலையத்திலிருந்து என் மில் தூரமில்லை. எங்கள் பக்கம் ஒரு பழைய முறை உண்டு. துவரையை ஊறவைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மண்ணைச் சலித்து எடுத்துவிட்டுத் திருகையில் உடைப்பார்கள். அந்தப் பருப்பு வேகிற வாசம் தெருமுனை வரை வரும். மில் வந்த பிறகு அதைச் செய்ய யாருக்கும் பொறுமையில்லை. என் அக்காள் மட்டும் வீட்டுத் தேவைக்கு இன்னும் செய்கிறாள். போன சித்திரையில் உங்கள் ஊர் வெள்ளைத் துவரையில் இரண்டு படி கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்மண் கட்டினாள். கப்பல் துவரை என்று மச்சான் முதலில் முகம் சுளித்தார். வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது; உண்மையை மறைக்கவில்லை. வெந்த பிறகு நெய் விட்டுப் பிசைந்து மூன்று முறை போட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு நான்கு நாள் மில் விடுமுறை. மற்ற நாட்களில் பனி விலகிக் களம் காய்ந்ததும், காலை எட்டு மணி வாக்கில் ரோலர் ஓடத் தொடங்கிவிடும். வருவதென்றால் வெயில் இருக்கும்போதே வாருங்கள். துவரையைக் கையில் எடுத்துப் பார்க்க வெளிச்சம் வேண்டும்.

இப்படிக்கு,
திருமங்கலத்துப் பருப்பு மில்காரன்